சுவருக்கு இந்தப் பக்கம்

என் சின்ன மாமா இந்தி சினிமாவில் குரூப் டான்ஸர். கதாநாயகனுக்குப் பின்னால், நாலாவது வரிசையில் இடது ஓரமாக ஆடுகிறவரை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். எங்கள் வீட்டிலோ கதாநாயகனை யாரும் கவனித்ததில்லை. டிவியில் பாட்டுச் சத்தம் கேட்டால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருவாள். "அந்தா நிக்கான் பாரு என் தம்பி" என்று அவள் விரலை நீட்டுவதற்குள் காட்சி மாறிவிடும்.

அந்த மாமாதான் ஒரு நாள் தாராவியில் எங்கள் வீட்டுக்கு வந்து, என்னையும் அக்காவையும் ஒரு பாட்டில் நடிக்க அனுப்பவேண்டும் என்று கேட்டார். எனக்கு அப்போது ஏழு வயது, அக்காவுக்குப் பதினொன்று. படத்தின் கதையை அவரே சொன்னார். ஒரு ஊர். ஊருக்கு நடுவில் ஒரு சுவர். அந்தப் பக்கம் இருப்பவர்கள் இந்தப் பக்கம் இருப்பவர்களைத் தொடமாட்டார்கள். கடைசிப் பாட்டில் சுவர் இடிந்து விழும், இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் கட்டிப்பிடித்து ஆடுவார்கள்.

"ஜாதி பாக்கது தப்புன்னு சொல்லுத படம் அத்தான்," என்றார் அப்பாவிடம். "ஆனா ஒரு இடத்துலயும் அழுகை கிடையாது. பூரா பாட்டும் டான்ஸும்தான்."

அப்பா தோல்பை பட்டறையிலிருந்து வந்து, கையில் ஒட்டியிருந்த பசையை உரித்துக்கொண்டிருந்தார். "செவுத்த இடிக்கதுக்கு எதுக்குல டான்ஸ்?" என்றார்.

"டான்ஸ் இல்லன்னா எவன் பாப்பான்?"

அப்பா கடைசிப் பசைத் துணுக்கையும் உரித்துப் போட்டார். எங்களை அனுப்பச் சம்மதித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சயானில் ரயிலேறி, குர்லாவில் மாறி, மான்குர்த்தில் இறங்கினோம். அங்கிருந்து ஆட்டோவில் போனால் உப்பளத்தை ஒட்டிய பொட்டல் ஒன்றில் ஒரு முழுக் கிராமத்தையே கட்டிவைத்திருந்தார்கள். கோயில், கிணறு, ஓட்டு வீடுகள் எல்லாம் இருந்தன. பின்னால் போய்ப் பார்த்தால் எதற்கும் முதுகு கிடையாது; மூங்கிலும் பலகையும்தான். எனக்குப் பயம் அங்கேதான் தொடங்கியது. முன்னால் ஊராக இருப்பது பின்னால் ஒன்றுமில்லாமல் போவதை நான் அதுவரை பார்த்ததில்லை. அக்காவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டேன்.

மாமா எங்களைத் தொப்பி போட்ட ஒரு பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு, "இங்கனயே நில்லுங்கட்டி, மாமா இப்ப வந்துருவேன்" என்று சொல்லி ஆட்டக்காரர்களின் கூட்டத்துக்குள் போனார். ஒரே மாதிரி தலைப்பாகை கட்டிய நூறு பேர் இருப்பார்கள். மாமாவின் முகத்தைத் தேடினேன். எல்லோருடைய முகமும் மாமாவின் முகமாகத்தான் இருந்தது.

தொப்பிப் பெண் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கடையில் தக்காளி பொறுக்குவதற்குக்கூட அம்மா அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்வாள். ஒரு பார்வை, ஒரு விரலசைவு, அவ்வளவுதான். நீ அங்கே, நீ இங்கே. அக்கா அம்மாவின் நிறம். அவளை அந்தப் பக்கம் போகச் சொன்னாள். நான் அப்பாவைப் போல. என் கன்னத்தை ஆசையாகத் தட்டி, "பர்ஃபெக்ட்" என்று சொல்லி இந்தப் பக்கம் தள்ளினாள். அக்காவின் துப்பட்டா என் கையிலிருந்து உருவிக்கொண்டு போயிற்று.

"அவ என் கூட..." என்று அக்கா ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். தொப்பிப் பெண் அதற்குள் அடுத்த முகத்துக்குப் போய்விட்டாள்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளை ஒரு கூடாரத்துக்குக் கூட்டிப்போய்க் கிழிந்த உடுப்புகளைக் கொடுத்தார்கள். மேக்கப்காரர் ஒரு வாளியில் கரியும் எண்ணெயும் குழைத்துவைத்து, பிரஷ்ஷால் ஒவ்வொருவர் முகத்திலும் கையிலும் பூசிக்கொண்டிருந்தார். என்னிடம் வந்ததும் பிரஷ்ஷை நிறுத்தி, "இவளுக்கு முகத்துக்கு எதுவும் வேண்டாம், ரெடிமேட்" என்று இந்தியில் சொன்னார். அவருடைய உதவியாள் சிரித்தான். பாராட்டுகிறார்கள் என்று நினைத்து நானும் சிரித்தேன். கைகளிலும் கால்களிலும் மட்டும் தாராளமாகப் பூசிவிட்டார்.

எனக்குப் பக்கத்தில் சீத்தா கேம்ப் குடிசைப் பகுதியிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவள், தமிழ்க்காரி. பல படங்களில் கூட்டத்தில் நின்றவளாம். இந்தக் கரி போய்விடுமா என்று அவளிடம் கேட்டேன்.

"போவும், போவாம என்ன. ஆனா ஒருவாட்டி இந்த சைடுல நிப்பாட்டிட்டாங்கன்னா அப்புறம் எப்பவும் இந்த சைடுதான். நா ஒரு படத்துலகூட அங்க நின்னதில்ல."

"எங்க அக்கா அங்க இருக்கா."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பொய் சொல்லாத" என்றாள். பிறகு என் காதருகே குனிந்து, அந்தச் சுவருக்குள் வெடி வைத்திருக்கிறார்கள் என்றும், போன படத்தில் இதுபோல வெடித்ததில் ஒரு பையனுக்குக் காது போய்விட்டது என்றும் சொன்னாள்.

அதன்பிறகு நான் சுவரைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. செங்கல் நிறத்தில், மாமாவின் உயரத்தைப்போல இரண்டு மடங்கு உயரத்தில் அது நின்றது. அதன் மேலே ஒரு டிரோன் குளவிபோல் ரீங்கரித்துக்கொண்டு போய்வந்தது. ஒலிபெருக்கியில் ஒருவர் ஓயாமல் இரைந்தார். அவர் யாரைத் திட்டினாலும் என்னைத்தான் திட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். சிறுநீர் முட்டியது. கழிப்பறை வண்டி சுவருக்கு அந்தப் பக்கம் நின்றது. யாரிடம் கேட்பது, எந்த மொழியில் கேட்பது என்று தெரியாமல் கால்களை இடுக்கிக்கொண்டு நின்றேன்.

மத்தியானம் சாப்பாடு வந்தபோதுதான் அக்காவைப் பார்த்தேன். வெள்ளைக் கவுனும் வெள்ளை ரிப்பனுமாக யாரோ போல் இருந்தாள். வெள்ளை உடுப்புக்காரர்களுக்கு மட்டும் நாற்காலி போட்டிருந்தார்கள். உடுப்பு அழுக்காகிவிடக் கூடாதே. உடுப்புகளுக்குப் பொறுப்பான அம்மாள், "ஒரு கறை பட்டது, தொலைத்துவிடுவேன்" என்று மிரட்டியபடி அவர்கள் நடுவில் சுற்றினாள். நாங்கள் தரையில் உட்கார்ந்தோம். எங்கள் உடுப்பில் இன்னும் என்ன அழுக்குப் பட்டாலும் அவர்களுக்கு நல்லதுதான்.

நான் கையை ஆட்டினேன். அக்கா பார்த்தாள். அவளுக்குப் பக்கத்தில் காதில் வளையம் போட்ட சிவந்த பெண் ஒருத்தி, என்னைக் கை காட்டி அக்காவிடம் ஏதோ கேட்டாள். அக்கா தலையை இருபுறமும் ஆட்டினாள். அந்தப் பெண்ணின் இன்னொரு கையில் ஊறுகாய்ப் பொட்டலம் இருந்தது. அக்காவுக்கு ஊறுகாய் பிடிக்காது. வேண்டாம் என்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவள் என் பக்கம் திரும்பவில்லை.

வெயில் சாய்ந்ததும் எங்களைச் சுவரை ஒட்டி நிறுத்தினார்கள். சுவர் விழுந்ததும் ஓடவேண்டும், எதிரே நிற்கும் வெள்ளை உடுப்புப் பிள்ளையைக் கட்டிப்பிடிக்க வேண்டும், சிரிக்க வேண்டும். டான்ஸ் மாஸ்டர் இதைச் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தார். நான் மட்டும், காதில் விரலை வைத்துக்கொள்ளலாமா என்று சீத்தா கேம்ப்காரியிடம் கேட்டேன். வைத்தால் படத்திலிருந்து துரத்திவிடுவார்கள் என்றாள்.

பாட்டு அலறியது. மேளம், விசில், கைத்தட்டல். யாரோ எண்ணினார்கள். டமார் என்று வெடித்தது.

பெரிய வெடியல்ல, இப்போது தெரிகிறது. சுவரும் தெர்மாகோல்தான்; ஒரு துண்டு என் தோளில் விழுந்து பஞ்சுபோல் துள்ளிப் போனது. ஆனால் அந்தக் கணத்தில் என் காது போய்விட்டது என்றே நம்பினேன். கண்முன்னால் வெள்ளைப் புகை. தொடைகளில் சூடாக வழிந்தது. எல்லோரும் ஓடினார்கள், நானும் ஓடினேன். சிரிக்கவேண்டும் என்பதெல்லாம் மறந்து, "அக்கா, அக்கா" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

புகை விலகிய இடத்தில் அக்கா நின்றாள். நான் கரி வழியும் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு அவள்மேல் பாய்ந்தேன். அக்கா இரண்டு அடி பின்னால் போனாள். கைகளை உயரே தூக்கிக்கொண்டு, கவுனை வயிற்றோடு உள்ளே இழுத்துக்கொண்டு, என்னைப் பார்த்தாள். அப்படி அவள் என்னை அதற்குமுன் பார்த்ததில்லை.

"கட்" என்றது ஒலிபெருக்கி. பாட்டு நின்றது.

டைரக்டர் குடைக்கு அடியிலிருந்து எழுந்து எங்களை நோக்கி வந்தார். மாமாவும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்தார். தலைப்பாகை அவிழ்ந்து தொங்கியது. "சார், சின்னப் புள்ளைங்க சார், தெரியாம..." என்று தமிழும் இந்தியும் கலந்து உளறினார். மாமாவின் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததேயில்லை. நம்மால்தான் மாமாவுக்கு வேலை போகப்போகிறது, அடிக்கப்போகிறார்கள் என்றே நினைத்தேன்.

டைரக்டர் மாமாவைப் பார்க்கவேயில்லை. அக்காவின் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. "இதுதான்," என்றார் கேமராக்காரரிடம். "இந்தப் படத்தில் நான் இதைத்தான் சொல்ல நினைத்தேன். இந்தப் பெண்ணுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?" பிறகு அக்காவிடம் மிக மென்மையாக, அதேபோல் இன்னொரு முறை செய்யச் சொன்னார். முதலில் விலக வேண்டும். பிறகு மெதுவாகக் கையை நீட்டி என்னைத் தொடவேண்டும். அப்புறம் இருவரும் ஆடலாம்.

அதை எத்தனை முறை எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கேமராவை நகர்த்தினார்கள், புகையைக் கூட்டினார்கள், விளக்கை மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் நான் ஓடினேன். ஒவ்வொரு முறையும் அக்கா விலகினாள். விலகத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ஓடும்போது, இந்தத் தடவை விலகமாட்டாள் என்று ஒரு நப்பாசை. பக்கத்தில் போனதும் அவள் கைகள் உயரே போய்விடும். கடைசியில் என் கண்ணீர் வற்றிப்போய்க் கிளிசரின் விட்டார்கள். அக்காவுக்கு எதுவும் தேவைப்படவில்லை. அவள் முகம் ஒவ்வொரு முறையும் முன்பைவிட நன்றாக வந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். தொப்பிப் பெண் அவளுக்குச் சாக்லேட் கொடுத்தாள். அக்கா அதைப் பிரிக்காமலே என் கையில் திணித்தாள்.

திரும்பி வரும் ரயிலில் மாமா தலைகால் புரியாமல் பேசிக்கொண்டு வந்தார். "டைரக்டரே முட்டி போட்டு உக்காந்து பேசுதாருட்டி! நான் எத்தன வருசமா ஆடுதேன், ஒரு நா என் பேரு கேட்டிருக்காரா?" அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் என்னைக் குழாயடிக்கு இழுத்துப்போய்ச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். கரியெல்லாம் போன பிறகும் தேய்த்தாள். தோல் எரிந்து நான் கத்தியதில் அம்மா ஓடிவந்து, "என்னட்டி செய்யுத, உரிச்சிராத" என்று சோப்பைப் பிடுங்கவேண்டியதாயிற்று.

பல மாதம் கழித்துப் படம் வந்தது. மாமா எங்கள் தெருவையே திரட்டிக்கொண்டு செம்பூரில் ஒரு தியேட்டருக்குப் போனார். அவர் சொன்னது உண்மைதான், அழுகையே இல்லை. எல்லாப் பாட்டுக்கும் ஜனங்கள் இருக்கையிலிருந்து எழுந்து ஆடினார்கள். அப்பாகூடக் காலால் தாளம் போட்டார். நான் மட்டும் எழுந்து ஆடவில்லை. அந்தச் சத்தம் வரப்போகிறதே என்று கடைசிப் பாட்டு முழுவதும் காதைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தேன்.

சுவர் விழுந்தது. புகை விலகியது. திரை முழுக்க அக்காவின் முகம். அது பின்வாங்கிய கணத்தில் தியேட்டரில் சத்தம் அடங்கிவிட்டது. முன்வரிசையில் யாரோ ஒரு அம்மாள் "ஐயோ" என்றாள். பிறகு அக்காவின் கை மெதுவாக நீண்டு என் கரிக் கையைத் தொட்டது. அவ்வளவுதான், கூரை பிய்ந்துபோகிற மாதிரி கைதட்டினார்கள். மாமா விசிலடித்தார். "எங்க அக்கா புள்ள! எங்க அக்கா புள்ள!" என்று பின்வரிசைக்காரர்களிடம் கத்தினார்.

நான் பெருமையோடு அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் திரையைப் பார்க்கவில்லை. தலையை மடிக்குள் கவிழ்த்து, தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "கிறுக்கி, சந்தோசத்துல அழுவுதா" என்று சிரித்தாள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரணத்தை நானே கண்டுபிடித்துவிட்டேன். அந்தக் காட்சியில் என் முகம் எங்கேயுமே வரவில்லை. கிழிந்த உடுப்பும், எண்ணெய் வழியும் கைகளும், முதுகும்தான் தெரிந்தன. தனக்கு மட்டும் இவ்வளவு பெரிய முகமும் தங்கைக்கு வெறும் முதுகும் கிடைத்ததே என்றுதான் அக்கா வருத்தப்படுகிறாள்.

அவள் காதருகே குனிந்து, "பரவால்லக்கா, அழாத. எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல. என் முதுகு நல்லா தெரிஞ்சுதுல்லா" என்றேன்.

ஆறுதல் சொன்னால் அழுகை நிற்கவேண்டும். அக்கா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, தியேட்டரில் விளக்குப் போட்டு ஜனங்களெல்லாம் வெளியே போன பிறகும் ஏன் அப்படி அழுதாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.