காலையில் ஆறு தூண்டில்

காலை ஆறு பத்து. குசினிக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது தரையில் கிடந்த குறடு. அதன் வாயில் சைக்கிள் டியூப் துண்டு சுற்றியிருந்தது. ஒரு முழம் தள்ளிக் கதிரையில் இருந்தபடி என் கணவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வலது கை மடியில் கிடந்தது. மேசையில் மூன்று பொய்மீன்களும் ஆறு தூண்டில்களும் இருந்தன. உடுப்புக் காயவிடும் கிளிப்புகள் நிறைந்த டப்பாவை மேசையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டிருந்தார்.

"எடுத்துத் தரவோ?"

"வேண்டாம். கிடக்கட்டும். நான் எடுக்கிறன்."

எடுக்க நான்கு நிமிடமானது. அதற்குள் நான் தேநீர் போட்டு முடித்துவிட்டேன்.

அவருக்குப் பாரிசவாதம் வந்து அப்போது மூன்று மாதம். பேச்சு திரும்பியிருந்தது. கால் இழுத்தாலும் நடந்தார். வலது கைதான் வரவில்லை. துறைமுகத்தில் கிரேன் இயக்கியவர். கப்பலின் வயிற்றிலிருந்து மூட்டைகளைத் தூக்கி, லொறித் தட்டில் சத்தமில்லாமல் வைத்த கை அது. கிளிப்புகளைக் கொடுத்தவள் ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண்.

"ஐயா, ஒரு நாளைக்கு இருபது தரம் நசுக்குங்கோ. இடக்கையால செய்யக்கூடாது."

"பிள்ளை, நான் கப்பல் சாமான் இறக்கினனான். எனக்கு உடுப்புக் கிளிப்போ?"

"அப்ப உங்களுக்கு லேசாத்தானே இருக்கும். ஒண்டை நசுக்கிக் காட்டுங்கோ பாப்பம்."

அவரால் ஒன்றையும் நசுக்க முடியவில்லை. பாலையூற்றில் எங்கள் வீட்டுக்குத் திரும்பும்போது, ஓட்டோவில் கிளிப் டப்பாவை என் மடிக்குத் தள்ளிவிட்டார்.

குறட்டு வேலை பக்கத்து வீட்டுக்காரரால் வந்தது. அவரிடம் ஒரு ஃபைபர் படகு இருக்கிறது. பின்னால் மீன் வடிவப் போலி இரைகளான பொய்மீன்களை இழுத்துக்கொண்டு ஓடிப் பாரையும் அறக்குளாவும் பிடிப்பவர். கடையில் லூர் என்று கேட்டால் தருவார்கள். எங்கள் இரண்டு வீட்டிலும் அது பொய்மீன். வாங்கும்போது அதில் மூன்று முள் கொண்ட தூண்டில்கள் இருக்கும். மீனைக் கழற்றும்போது அவை கையையும் கிழிக்கும் என்பதால், கழற்றிவிட்டு ஒற்றைத் தூண்டில் போடுவார்கள். அந்த ஒற்றைத் தூண்டிலின் காது முழுதாக மூடியிருக்காது. வாய் சற்றுப் பிளந்த ஒரு வளையம். பிளவு வழியே பொய்மீனின் கம்பி வளையத்தில் கொழுவி, குறட்டால் மெல்ல நெரித்துக் காதை மூட வேண்டும். இடைவெளி இருந்தால் பெரிய மீன் இழுக்கும்போது தூண்டில் கழன்றுபோகும். ஒரேயடியாக நெரித்தால் உருக்கு வெடிக்கும். கரையில் இருந்த பலருக்கும் இந்த வேலையைச் செய்துகொடுத்தவர் என் கணவர்தான். சனிக்கிழமைகளில் படகிலும் போவார்.

"ஒரு நாளைக்கு ஆறு காதும் மூடினனெண்டா, அந்தச் சனிக்கிழமை நான் வருவன்," என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னார்.

"ஓம் அண்ணை. ஆறும் மூடினா ராசா மாதிரி முன்னுக்கு அணியத்தில இருத்திக் கொண்டு போறன்."

பேச்சு சிரிப்பில் முடிந்தது. ஆனால் இருவரும் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. வெளிக்கடலில் அலை தூக்கும்போது படகின் விளிம்பைப் பிடிக்க ஒரு கை வேண்டும். தூண்டில் நூலுக்கு இன்னொரு கை வேண்டும்.

பார்த்துச் சொல்வது என் வேலையானது. பத்திரிகையில் நான் நீண்டகாலம் பிழை திருத்தியவள். ஆனால் இந்தப் பிழை கண்ணுக்குத் தெரியாது. மூடியதுபோலவே இருக்கும். பின்னேரங்களில் என் தலைமயிர் ஒன்றைக் காதுக்குள் விட்டு, இரண்டு நுனியையும் பிடித்து, பிளவு இருந்த பக்கமாக இழுப்பேன். மயிர் நழுவி வெளியே வந்தால் காது மூடவில்லை. இரண்டு தூண்டிலும் மூடிய பொய்மீன் பக்கத்து வீட்டுப் படகுக்குப் போகும்.

"கறுப்பு மயிராப் பாத்து எடும்," என்பார். "நரைச்சது எனக்குத் தெரியாது."

"கறுப்புக்கு நான் எங்க போறது?"

"கலியாணத்தண்டைக்கு நிறைய இருந்துது. எங்க வைச்சீர்?"

முதல் வாரம் முழுவதும் மயிர் ஆறிலும் நழுவியது. இரண்டாம் வாரம் ஒரு நாள், ஒன்றில் நின்றது. அன்று ஆஸ்பத்திரிப் பெண்ணுக்குத் தொலைபேசி எடுக்கச் சொன்னார். அடுத்த மூன்று நாளும் ஒன்றும் மூடவில்லை. நான்காம் நாள் காலை ஆறையும் நெரித்துவிட்டு, இடியப்பத்தைத் தொடாமல் எழுந்தார். கிளிப் டப்பாவை அலுமாரியின் மேல்தட்டில், தனக்கு எட்டாத இடத்தில் வைக்கச் சொன்னார்.

அன்று மத்தியானம் அவர் உறங்கும்போது, இரண்டு காதுகளை நான் மூடினேன். அவருடைய குறடு தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. அதை எடுக்க மனம் வரவில்லை. மேசை இலாச்சிக்குள் கிடந்த பழைய குறட்டால் மூடினேன்.

"இண்டைக்கு ரெண்டு," என்றேன் பின்னேரம்.

"உண்மையாவோ?"

"மயிர் வரேல்ல."

அதுவரைக்கும் உண்மை. அன்றைக்கு இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அதன்பின் நிறுத்தத் தெரியவில்லை. நம்பத்தகுந்த எண் எது என்று எனக்குத் தெரியும். இரண்டு, இரண்டு, மூன்று, மீண்டும் இரண்டு, பிறகு நான்கு, மூன்று. இறங்காமல் ஏறும் கணக்கை யாரும் நம்பமாட்டார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை ஐந்து என்றேன். சொன்ன பிறகுதான் ஆறு எவ்வளவு கிட்டே வந்துவிட்டது என்று உறைத்தது. கிளிப் டப்பா திரும்பவும் கீழே வந்திருந்தது. படகில் போடும் பழைய தொப்பியைத் தேடி எடுத்து, வெயிலில் காயவிட்டிருந்தார்.

வியாழன் பின்னேரம் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பொய்மீனோடு வந்தார்.

"அண்ணை, இந்தத் தூண்டில் சரியான மட்டச் சாமான். ஒரு கிழமை உப்புத்தண்ணி பட்டதுக்கே காதில துரு. கடைக்காரனுக்கு நல்லாக் குடுக்கப்போறன்."

"முன்னமும் அந்தக் கடையிலதானே வாங்கினனீர்? கொண்டாரும்."

என் கணவர் அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நான் குசினி வாசலில் நின்றேன். முன் தூண்டிலின் காதில் துரு புள்ளி புள்ளியாக, ஒரே இடைவெளியில், வரிசையாக இருந்தது. பின் தூண்டிலின் காது வெள்ளையாக மினுங்கியது. அவர் தன்னுடைய குறட்டை எடுத்து, டியூப் சுற்றிய அதன் வாயைப் பார்த்தார். தூண்டிலின் முலாம் கீறுப்படாமல் இருக்கத்தான் அந்த ரப்பர். பிறகு என்னைப் பார்த்தார்.

"இலாச்சிக்குள்ள கிடக்கிற குறட்டைக் கொண்டாரும்."

கொண்டுவந்தேன். அதன் பல்லைத் துருப் புள்ளிகளின்மேல் வைத்தார். பொருந்தியது.

பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப கடைக்காரனில பிழை இல்லையோ," என்றார். பிறகு வெளியே நிற்கும் மோட்டார் சைக்கிளுக்கு நிழல் இல்லை என்று சொல்லி எழுந்து போனார். அப்போது வெயில் இறங்கியிருந்தது.

"செவ்வாய்க்கிழமை அஞ்செண்டனீர். அதில எத்தினை உம்மட?"

"நாலு."

"முந்தின நாள்?"

"மூண்டு எண்டு சொன்னனான். மூண்டும் நான்தான்."

அவர் இடது கையால் வலது கையைத் தூக்கி மேசையில் வைத்தார்.

"நான் சனிக்கிழமை வெளிக்கிட்டிருப்பன், தெரியுமோ? நாளைக்கு ஆறெண்டு சொல்லியிருந்தீரெண்டா."

"சொல்லியிருக்கமாட்டன்."

"அப்ப அஞ்சில எத்தினை நாள் வைச்சிருந்திருப்பீர்?"

அழக்கூடாது என்று நினைத்தேன், அழுதேன். அவர் பொய்மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செவ்வாய்க்கிழமை அஞ்சு," என்றார் கொஞ்சநேரத்தில். "நாலு உம்மட. அப்ப ஒண்டு என்ர."

"ஓம். அது நீங்கள் மூடினதுதான்."

"சாமி சத்தியமா?"

"ரெண்டு மயிர் போட்டுப் பாத்தனான்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. வாயின் வலது பக்கம் இன்னும் முழுதாகச் சிரிக்காது.

"வேலை பழுதில்லை," என்றார். "நெரிச்ச விதம் சரி. துருத்தான் காட்டிக் குடுத்திட்டுது. அந்தக் கத்தரிக்கோலை எடும். உம்மட குறட்டுக்கும் டியூப் வெட்டிச் சுத்துவம்."

டியூபை அவர் இடது கையால் பிடிக்க, நான் வெட்டினேன். சுற்றி நூலால் கட்டும்போது முடிச்சின்மேல் அவருடைய வலது பெருவிரலை வைத்து அழுத்தச் சொன்னேன். வைத்தார். முடிச்சு நிற்கும்வரை அந்த விரல் நகரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை இருவரும் மேசையின் எதிரெதிரே இருந்தோம். அவர் ஒரு காதோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டினார். மயிரை இந்தமுறை நான் இழுக்கவில்லை. நுனிகளைத் தானே இடது கையில் சுற்றி இழுத்துப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரரை வேலியடியில் கண்டு, இந்தக் கிழமை தான் வரவில்லை என்று சொன்னார்.

"அணியம் எங்கயும் போகாது அண்ணை," என்றார் அவர்.

சனிக்கிழமை படகு விடியமுன் வெளிக்கிட்டது. அதில் எங்கள் வீட்டிலிருந்து மூன்று பொய்மீன்கள் போயின. அவற்றின் ஆறு தூண்டில்களில் ஐந்து நான் மூடியவை. ஒன்று அவர் மூடியது.