சனிக்கிழமைக் கருடன்

என் மாமியார் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கருடனைப் பார்க்காமல் பச்சைத் தண்ணீர் பல்லில் படவிடமாட்டார். அதனால் அன்று வானத்தில் பெரிதாக எது வட்டமடித்தாலும் அது கருடனாகிவிடும். பசி அப்படி.

வெண்ணந்தூருக்கு நான் வாழ்க்கைப்பட்டுப் போன வருஷம் அது, யுத்தத்துக்கு முன்னால். புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி இடி மழையில் மிரண்டு, எங்கள் மயிலைக்காளை கயிற்றை அறுத்துக்கொண்டு கட்டுத்தரையிலிருந்து ஓடிவிட்டது. வீட்டில் இருந்தது ஒரே ஜோடி. மண்ணில் ஈரம் இருக்கும்போதே சோளம் விதைத்தாக வேண்டும். ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மறுநாள் விடிந்ததிலிருந்து தேடி அலைந்துவிட்டு, வெயில் ஏறிய பிறகு என் வீட்டுக்காரர் வெறுங்கையோடு வந்தார். அப்போது மாமியார் வாசலில் நின்று, ஊருக்கு வெளியே பாறைக் குன்றாக நின்ற கரட்டுப் பக்கம் அண்ணாந்து பார்த்தார். உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“கருடன் சாமி! சனிக்கிழமையும் அதுவுமா தரிசனம் குடுத்திருக்கு. மாட்டுக்கு ஒண்ணும் ஆவுல. எவனாச்சும் புடிச்சுப் பவுண்டுல அடைச்சிருப்பான். போய் ஓட்டிக்கிட்டு வா.”

நானும் பார்த்தேன். கருடனுக்குத் தலையும் மார்பும் வெள்ளையாக இருக்கும். இதுவோ கறுப்பு. வால் குட்டை, இறக்கை நுனி விரல் விரலாகப் பிரிந்திருந்தது, ஒரு தடவைகூட இறக்கையை அடிக்கவில்லை. என் பிறந்த ஊரில் செத்த மாடுகளை இழுத்துப்போடும் பள்ளம் எங்கள் காட்டை ஒட்டியே இருந்தது. இதைப் பார்த்துத்தான் வளர்ந்தேன்.

“அது கருடன் இல்லீங்க அத்தை. பொணந்தின்னிக் கழுகுங்க.”

மாமியார் முகம் கறுத்துவிட்டது. “கரிநாக்கு! ஊட்டுக்கு வந்தவ பேசற பேச்சா இது?”

வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அலைகிற மாடுகளை அடைத்துவைக்கும் பவுண்டுக்குப் போனார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மாடு செத்துப்போச்சு என்றா சொன்னேன்? கழுகு இன்னும் மேலேயேதான் சுற்றுகிறது. செத்திருந்தால் இறங்கியிருக்காதா? அதைச் சொல்ல விட்டால்தானே! ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டு கரட்டுக்கு நடந்தேன்.

அடிவாரத்துப் பள்ளத்தில் மயிலை விழுந்து கிடந்தது. பின்னங்கால் இரண்டு பாறைக்கு நடுவில் மாட்டியிருந்தது. மேலே சுற்றியதன் கூட்டாளிகள் பக்கத்துப் பாறையில் பந்திக்குக் காத்திருப்பவர்களைப் போல உட்கார்ந்திருந்தன. கல்லெடுத்து வீசினேன். என் சத்தம் கேட்டு மயிலை காதை ஆட்டியது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

தண்ணீர் காட்டிவிட்டு, கரட்டில் ஆடு மேய்த்தவர்களைக் கத்திக் கூப்பிட்டேன். அவர்கள் கடப்பாரை கொண்டுவந்து பாறையைப் புரட்டி மாட்டை எழுப்பும்போது, பவுண்டில் மாடு இல்லையென்று வீட்டுக்காரரும் வந்து சேர்ந்தார். மயிலை நொண்டிக்கொண்டே வீடு வந்தது. கால் தேறியதும், ஈரம் காய்வதற்குள் ஏரிலும் பூட்டிவிட்டோம்.

மாமியார் அதற்குப் பருத்திக்கொட்டை ஆட்டி வைத்தார். வந்தவர் போனவரிடமெல்லாம், “கருடன்தானுங்க காப்பாத்துச்சு” என்றார். கேட்கக் கேட்க எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை மாமியார் வாசலில் நின்று வெகுநேரம் வானத்தைப் பார்த்தார். ஏரிக்கு மேலே ஏதோ வட்டமடித்தது. கை கன்னத்துக்குப் போகவில்லை.

“அம்மிணி, இங்க வா சாமி. அது என்னன்னு பாரு.”

வெள்ளைத் தலை, செங்கல் நிறச் சிறகு. “கருடன்தானுங்க அத்தை” என்றேன்.

அதன் பிறகுதான் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“தண்ணி கொண்டா” என்றார்.