வெள்ளிக்கிழமை நீண்ட ரப்பர்

1. எங்கள் கல்லூரியில் பௌதிகப் பாடம் கேட்க எனக்கு அனுமதி இருந்தது. ஆய்வுக்கூட மேசையில் இடம் இல்லை. வகுப்பில் நான் ஒருத்திதான் பெண்.

2. இடம் கேட்டேன். பேராசிரியர் ஒரு வேலை கொடுத்தார். எடை ஏற ஏற ரப்பர் வளையம் எவ்வளவு நீள்கிறது என்று வீட்டிலேயே அளந்து, மூன்று வளையங்களுக்கு வரைபடம் போட்டுத் திங்கட்கிழமை கொண்டுவர வேண்டும். மூன்று கோடுகளும் ஒத்துப்போனால் மேசையில் இடம். இல்லாவிட்டால் தாவரவியலுக்கு மாறிக்கொள்ள வேண்டும்.

3. அப்பா தான் வேலை பார்த்த கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸிலிருந்து புது வளையங்கள் சில கொண்டுவந்தார்.

4. வியாழக்கிழமை அளந்தேன். மூன்றும் ஒத்துப்போயின.

5. சனிக்கிழமை சரிபார்க்க மறுபடி அளந்தேன். மூன்றாவது வளையம் ஒத்துப்போகவில்லை.

பவானிபூர் வீட்டின் பின்பக்கத் தாழ்வாரம்தான் என் ஆய்வுக்கூடம். சுவரில் வரிசையாக மூன்று ஆணிகள், ஆணிக்கு ஒரு வளையம். அளக்கும்போது வளையத்தின் அடியில் ஒரு தகர மூடியைக் கயிறு கட்டித் தொங்கவிடுவேன், பக்கத்தில் அடிக்கோல். எடைக்கற்கள் பக்கத்து வீட்டு பௌதியுடையவை, சந்தேஷ் இனிப்புக்குச் சர்க்கரை நிறுக்க அவர் வைத்திருந்த பித்தளைக் கற்கள். வங்காளத்தில் பௌதி என்றால் அண்ணி. தெருவே அவரை அப்படித்தான் அழைத்தது.

இந்த வேலையில் எனக்குத் தனி சந்தோஷம் இருந்தது. ரப்பர், எஃகுச் சுருள் மாதிரி நேராக நடந்துகொள்வதில்லை. ஒரு கல்லுக்குக் கொஞ்சம் நீளும், அடுத்த கல்லுக்குத் தாராளமாக நீளும், கடைசியில் பிடிவாதம் பிடித்து நின்றுவிடும். கற்களை ஒவ்வொன்றாக எடுத்தால் போன வழியே திரும்புவதுமில்லை. போன கோட்டுக்கும் வந்த கோட்டுக்கும் நடுவில் மாவிலை போல ஓர் இடைவெளி. அந்த இலையை வரையும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

சனிக்கிழமை சிரிப்பு வரவில்லை. ஆணியை ஆட்டிப் பார்த்தேன். கற்களை மாற்றிப் போட்டேன். மூன்றாவது வளையம் முன்னைவிட வெகுவாக நீண்டது. மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பௌதி எட்டிப் பார்த்தார். எங்களோடு பழகி அரைத் தமிழ் அவருக்கு வந்திருந்தது.

"என்ன, ரப்பருக்கு சோம்பேறித்தனமா? துர்கா பூஜை முடிஞ்சு என் வீட்டுக்காரர் இப்படித்தான் தொங்குவார்."

"பௌதி, திங்கட்கிழமை நான் மேசையிலா தோட்டத்திலான்னு இது முடிவு பண்ணப் போறது."

"அப்போ என் கல்லைக் குத்தம் சொல்லாதே. அது நேத்திக்கும் ஒழுங்கு, இன்னிக்கும் ஒழுங்கு."

வளையத்தைக் கழற்றினேன். விரல் வழுக்கியது. மூக்கருகே கொண்டுபோனேன்: மிளகு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய். கூடவே ஒட்டிக்கொண்டு ஒரு நீள முடி.

"அம்மா! இதை எடுத்தியா?"

அம்மா சமையலறையிலிருந்து வந்து பார்த்தாள். "ஆமா. நேத்து வெள்ளிக்கிழமை இல்லையோ? எண்ணெய் வெச்சுண்டேன், கொண்டை நழுவிண்டே இருந்துது. ஆணியில சும்மாதானே தொங்கறதுன்னு போட்டுண்டேன். நன்னாப் பிடிச்சுதுடி!"

"எவ்வளவு நேரம்?"

"எண்ணெய் ஊற வேண்டாமா? மத்தியானம் வரைக்கும். அப்புறம் எடுத்த ஆணியிலேயே மாட்டிட்டேனே. உன் சாமான் இடம் மாறினா நீ கத்துவேன்னு தெரியாதா எனக்கு?"

பௌதி மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை.

புது வளையம் ஒன்றை மாட்டி மூன்று கோடுகளையும் ஒத்துப்போக வைத்திருக்கலாம். அதைவிட எனக்கு இன்னொன்று தெரிய வேண்டியிருந்தது: காரணம் எண்ணெயா, கொண்டையின் இழுப்பா? மிச்சமிருந்தவற்றில் ஒன்றை நல்லெண்ணெயில் ஊறப்போட்டேன். இன்னொன்றை அம்மாவின் உலர்ந்த கொண்டையில் அதே நேரம் மாட்டிவைத்தேன். அம்மா பெருமையோடு தலையை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் அளந்தேன். கொண்டை வளையம் அநேகமாக மாறவில்லை. எண்ணெயில் ஊறியது மூன்றாவதைப் போலவே தொங்கியது.

திங்கட்கிழமை எல்லாக் கோடுகளையும் ஒரே தாளில் வரைந்து கொண்டுபோனேன். பேராசிரியர் வங்காளி, ஆங்கிலத்தில்தான் பேசுவார், என்னை மட்டும் 'மா' என்பார்.

"மூன்றும் ஒத்துப்போக வேண்டும் என்றேனே, மா."

"வியாழக்கிழமை ஒத்துப்போயின, சார். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் எண்ணெய்க் குளியல்."

முழுவதும் சொன்னேன். கொண்டை வந்த இடத்தில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு விரலை எண்ணெய்க் கோட்டின் மேல் வைத்து மெல்ல நகர்த்தினார்.

"நல்லெண்ணெய்க்கு இப்படி. நாங்கள் கடுகெண்ணெய்க்காரர்கள். அதற்கு என்ன ஆகும்?"

"தெரியாது, சார். அளந்து பார்க்க வேண்டும்."

"அளந்து பார். தாழ்வாரத்தில் வேண்டாம், உன் அம்மா எடுத்துக்கொள்வார். இங்கே."

அவர் காட்டியது ஆய்வுக்கூட மேசையை.

இப்போது புதன்கிழமைகளில் அந்த மேசையின் ஜன்னலோரம் எனக்கு. தாவரவியலுக்கு மாறவில்லை. கடுகெண்ணெயில் பாதி அளவுகள் எடுத்தாகிவிட்டது, மீதி பாக்கி.