பேர் போட்டால் பாடுகிறேன்

வெர்னாவின் குரல் அமெரிக்கா முழுக்கத் தெரியும். முகம் எங்களுக்கு மட்டும்தான் தெரியும். ஹாலிவுட்டில் பாட்டுப் படங்கள் கொடிகட்டிப் பறந்த காலம் அது. திரையில் நடிகை லொரெய்ன் வேல் வாயசைப்பாள். பாடியது வெர்னாவாக இருக்கும். அதை வெளியே சொல்லக் கூடாது என்று ஒப்பந்தம். அவளோடு கூட்டாகப் பாடுகிற கோரஸ்காரிகள் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான். வாரநாளில் ஸ்டூடியோ, ஞாயிற்றுக்கிழமை சர்ச். ஒருத்தி தும்மினால் மற்றவளுக்குத் தெரிந்துவிடும்.

வெர்னாவின் மகள் டோரீன், "படத்துல பாடறது எங்கம்மா" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டாள். டீச்சர் அவளைப் பொய்க்காரி என்று சொல்லி, வகுப்பு முன்னால் மன்னிப்புக் கேட்க வைத்தாள். வெர்னா அழவில்லை. "பார்க்கறேன்" என்றாள், அவ்வளவுதான்.

அடுத்த வாரமே சமயம் வாய்த்தது. படம்பிடித்து முடித்த ஒரு பாட்டின் உச்சத்தில், வெர்னாவின் குரல் நீண்டு போகிற இடத்தில், லொரெய்ன் வாயை மூடி மூச்சு வாங்கியிருக்கிறாள். யாரும் கவனிக்காமல் செட்டையும் பிரித்துவிட்டார்கள். திரும்பப் படம்பிடிக்க முடியாது; இனி படத்தைப் பார்த்தபடி, லொரெய்னின் மூச்சுக்குத் தக்கபடி வெர்னா மறுபடி பாடுவதுதான் வழி.

"ஆரம்பிம்மா, ஆர்க்கெஸ்ட்ரா காத்திருக்கு" என்றார் இசைப் பிரிவுத் தலைவர் கிராண்ட்ஸ்.

"படத்துல என் பேர் வந்தா பாடறேன் சார்."

"பைத்தியமா உனக்கு? லொரெய்ன்தான் பாடறான்னு ஊரே நம்புது."

"என் பொண்ணைத்தான் யாரும் நம்பல."

"நீ இல்லன்னா இன்னொருத்தி. ஒரு ஃபோன் போட்டா ஓடி வருவாளுங்க."

"போடுங்க சார்" என்று முட்டை சாண்ட்விச்சைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

முதல் ஃபோன் எனக்குத்தான் வந்தது.

"ஓபல், உடனே கிளம்பி வா. வெர்னாவுக்குத் திமிரு ஏறிப்போச்சு, பேர் போடணுமாம்."

"அப்படியா சார்? எனக்குப் போடுவீங்களா?"

டொக்கென்று வைத்துவிட்டார். நான் உடனே தெல்மாவைக் கூப்பிட்டேன், தெல்மா அடுத்தவளை. கிராண்ட்ஸ் எண்ணைச் சுற்றி முடிப்பதற்குள் சேதி அவரை முந்திவிட்டது. எல்லாரும் அதே கேள்வியைக் கேட்டோம். மனுஷனுக்கு முகம் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

கடைசியில் இறங்கி வந்தார். "எழுத்து ரொம்பச் சின்னதாத்தான் இருக்கும்."

"என் பொண்ணுக்குக் கண்ணு நல்லாத் தெரியும் சார்."

ஒரே தடவையில் பாடி முடித்தாள். வயலின்காரர்கள் வில்லால் ஸ்டாண்டைத் தட்டினார்களாம். அதுதான் அவர்கள் கைதட்டல்; எல்லாருக்கும் தட்டிவிட மாட்டார்கள்.

படம் வந்த முதல் நாள், டோரீனின் டீச்சருக்கும் வெர்னா ஒரு டிக்கெட் அனுப்பி, பக்கத்திலேயே உட்கார வைத்தாள். திரையில் சிகை அலங்காரக்காரர் பேருக்கும் கீழே அவள் பேர் வந்தது. டோரீன் சீட்மேல் ஏறி நின்று, "வெர்னா ஹால்வர்சன்!" என்று கத்தினாள். பின்னாலிருந்து யாரோ அதட்டினார்கள்.

தியேட்டரில் குசுகுசுத்தாலே தொடையில் கிள்ளுகிறவள் வெர்னா. டீச்சர் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"சரியாக் கேக்கல டோரீன். இன்னொரு தரம் சொல்லு."