சாயம் ஏறாத சுரப்பிகள்

எனக்கு ஆடியில் ஆரம்பித்த உதிரப்போக்கு ஐப்பசி அடைமழை வரைக்கும் நிற்கவில்லை. எங்கள் வீட்டில் எந்த உதிரத்துக்கும் தீட்டு என்று ஒரே பெயர்தான். விலக்கானவள் தனித் தட்டு, தனிப் பாயோடு பின்கட்டு அறையில் இருந்துவிட்டு, தலைமுழுகிய பிறகே உள்ளே வரலாம். நான் காலையில் தலைமுழுகி உள்ளே வருவேன். பொழுது சாய்வதற்குள் மறுபடி பின்கட்டு. அந்த வருஷம் உத்திரமேரூர் ஏரி நிரம்பியதைக் கலங்கலில் தண்ணீர் வழியும் சத்தத்தை வைத்துத்தான் அறிந்தேன்.

“இன்னாமே, ஊர்ல ஒருத்திக்கும் இல்லாத தீட்டா கீது? நீ குளிச்சே கெணறு வத்திடும் போலகீதே” என்பார் மாமியார்.

செங்கல்பட்டு மருத்துவர் கர்ப்பப்பையின் உள்சவ்விலிருந்து துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். புற்றுநோய் இல்லை, அதற்கு முந்தைய படி என்றார். செல்கள் கட்டுமீறிப் பெருகாமல் தடுக்கும் மரபணு ஒன்று உண்டு. சோதனைக்கூடத்தில் சாயமிட்டால், உள்சவ்வில் அது வேலை செய்யும் சுரப்பிகள் சாயம் ஏறிப் பழுப்பாகும்; அதை இழந்தவை வெளிறியே நிற்கும். நுண்ணோக்கியில் என்னையே பார்க்கச் சொன்னார். பழுப்புக்கு நடுவே ஒரு வெளிறிய கொத்து.

“கர்ப்பப்பையை எடுத்துடறதுதான் பாதுகாப்பு. குழந்தை வேணும்னா கொஞ்ச காலம் மாத்திரையில பார்க்கலாம்.”

எனக்கு நாற்பது நெருங்கியிருந்தது. குழந்தை இல்லை. மாத்திரைக்கே தலையாட்டினேன்.

கார்த்திகையில் போக்கு நின்றது. மாமியார் என்னைக் கூப்பிட்டு சாமி மாடத்தில் விளக்கேற்றச் சொன்னார். வீட்டைப் பொறுத்தவரை நோய் அன்றோடு தீர்ந்தது. தையில் மறுபடி சோதித்தபோது வெளிறிய கொத்து முன்னைவிடப் பெரிதாகியிருந்தது. அறுவையை இனிமேல் தள்ளிப்போட வேண்டாம் என்றார் மருத்துவர். மருத்துவமனையிலோ கணவர் கையெழுத்தில்லாமல் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

“ரத்தம்தான் நின்னுப்போச்சே, நல்லாத்தானே கீற? எதுக்கு அறுத்துக்கினு?” என்றார் கணவர்.

சாயம், வெளிறிய கொத்து என்று மருத்துவர் காட்டியதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். மாமியார் குறுக்கிட்டார். “சாயம் புடிக்கலன்னா பொடவயத் தூக்கிப் போடுவாங்க. வவுத்தையா அறுப்பாங்க? மாசி மொத வெள்ளி கொலதெய்வத்துக்குப் பொங்க வெக்கிறோம். பான ஏத்தப்போறது நீதான். புள்ள வரம் கேளு, குடுக்கும்.”

வாசலில் விறகும் புதுப்பானையும் வந்து இறங்கின. வேன் பேசியாயிற்று. உள்ளே வெளிறிய கொத்து வளர்ந்துகொண்டிருக்க, வெளியே எல்லாரும் எனக்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

வியாழன் சாயங்காலம் என் தட்டையும் பாயையும் எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன்.

“நின்னுப்போச்சின்னியே?” மாமியார் வாசற்படியில் நின்றுகொண்டார்.

“ரத்தம் நின்னுச்சி அத்த. தீட்டு உள்ளயே கீது.”

“நடிக்காதமே!”

ஆனாலும் என்னை இழுத்துப்போய்ப் பானை ஏற்றச் சொல்லும் துணிச்சல் அவருக்கு வரவில்லை. தீட்டுள்ள வீட்டிலிருந்து குலதெய்வத்திடம் யாரும் போக முடியாது. வேனைத் திருப்பி அனுப்பினார்கள். மாதக்கணக்கில் நான் வெறுத்த கதவை இம்முறை நானே சாத்திக்கொண்டேன். அடுத்த வெள்ளியும் போயிற்று. தட்டு மட்டும் கதவடிக்கு வந்துபோனது. எனக்கே மூச்சு முட்டியது. யாராவது அதட்டியிருந்தால் எழுந்து போயிருப்பேன்.

ஒரு காலை கணவர் வந்து, படியைத் தாண்டாமல் நின்றார்.

“செங்கல்பட்டு பஸ் எப்போ கீது?”

சொன்னேன்.

“கெளம்பு. நீ உள்ள வராம பொங்க வெக்க முடியாது. கையெழுத்து போட்டுத் தொலைக்கிறேன். அதுக்காக அம்மா எங்கிட்ட பேசமாட்டேங்குது.”

பாயைச் சுருட்டினேன். அந்தப் பிள்ளை வரத்தைக் கேட்க எனக்கும் ஆசை இருந்ததை அவரிடம் சொல்லவில்லை.