ஒரு குமிழிகூட வெளியே போகக்கூடாது

என் வேலை குமிழி பார்ப்பது. ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் லீக் டெஸ்ட் மேசை முன்னால் பதினோரு வருடமாக நிற்கிறேன். எஞ்சினுக்குப் போகும் அலுமினிய உறையின், அதாவது காஸ்டிங்கின், ஓட்டைகளையெல்லாம் அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, தண்ணீருக்குள் இறக்குவோம். குமிழி வராவிட்டால் அது லாரி ஏறும். கடுகளவு ஒன்றே ஒன்று வந்தாலும் சிவப்பு பெயின்டில் ஒரு கோடு போட்டு ரிஜெக்ட் பெட்டிக்குள் தள்ளிவிடுவேன். சூப்பர்வைசரே வந்து பல்லைக் காட்டினாலும் அசைய மாட்டேன். எனக்குக் கொஞ்சம் திமிர் என்று லைனில் பேசிக்கொள்வார்கள். கொஞ்சம் இல்லை, நிறையவே உண்டு.

இந்தக் கண்ணை கம்பெனி கேட்டில் கழற்றி வைத்துவிட்டு வர முடிவதில்லை. வீட்டில் காஸ் டியூபுக்கு மாதம் ஒருமுறை சோப்பு நுரை தடவிப் பார்ப்பேன். என் கணவரையும் விட்டுவைப்பதில்லை. கதவைச் சாத்திய விதம், துணி காயப்போட்ட விதம் என்று ஒரு நாளைக்குப் பத்துக் குறையாவது கண்ணில் படும். அவர் பாகலூர்க்காரர், அதிகம் பேசாதவர். அவர்கள் வீட்டில் தெலுங்கு; என்னிடம் மட்டும் தமிழ். "நான் என்ன காஸ்டிங்கா?" என்று ஒரே ஒருமுறை கேட்டிருக்கிறார். அதற்கும் நான் சிரித்துவிட்டேன்.

அவருக்கென்று வீட்டில் இருப்பது ஒரு மீன் தொட்டி. அதில் சில கப்பி மீன்களும் ஒரு ஏஞ்சல் மீனும் உண்டு. ஏஞ்சலுக்கு ஒரு பக்கத் துடுப்பு பாதிதான். மூன்று வருடத்துக்கு முன்பு ஆர்டர் குறைந்துவிட்டதென்று அவருடைய கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆட்களை நிறுத்தினார்கள். அதில் அவரும் ஒருவர். அந்த வாரம்தான், கடைக்காரர் விற்காது என்று ஒதுக்கி வைத்திருந்த அந்த மீனைப் பையில் போட்டு எடுத்து வந்தார்.

"ரிஜெக்ட் பீஸைப் போய் வாங்கிட்டு வந்திருக்கீங்களே" என்றேன்.

வேலையில்லாமல் இருந்த ஏழெட்டு மாதமும் அவர் வாய் திறந்தது அந்த மீனிடம்தான். கண்ணாடியோரம் உட்கார்ந்து, இரையைத் தூவி, "ரா ரா, தினு" என்பார். வா வா, சாப்பிடு என்று அர்த்தம். அவ்வளவு கனிவாக அவர் என்னிடம் பேசியதில்லை. நான் பேச விட்டால்தானே? எங்கே போனீர்கள், யாரைப் பார்த்தீர்கள், ஏன் இன்னும் கிடைக்கவில்லை என்று ஷிப்ட் முடிந்து வந்த களைப்பையெல்லாம் அவர் மேல் கொட்டினேன். பிறகு வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது. நைட் ஷிப்ட். நான் அன்று பேசியதற்கு இன்றாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று நினைப்பேன். வாய் வராது.

வாயால் வராததைக் கையால் செய்துவிடலாம் என்றுதான் தொட்டிக்குச் செடி வாங்கி வைத்தேன். இரண்டே வாரத்தில் இலைகள் மஞ்சளாகி, ஓரமெல்லாம் கரைய ஆரம்பித்தன. மீன் கடைக்காரரிடம் போய் நின்றேன்.

"கார்பன் டை ஆக்சைடு பத்தல மேடம். சிலிண்டர் செட் இருக்குது. இல்லன்னா சக்கரையும் ஈஸ்டும் போட்டு நீங்களே பாட்டில்ல பண்ணிக்கலாம். ஏர் பம்ப் ஓடுனா மட்டும் கேஸ் சீக்கிரமா வெளிய போயிடும், பாத்துக்குங்க."

பாட்டிலும் டியூபும் என்றால் அது என் ராஜ்ஜியம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்தேன். ஒரு பாட்டிலில் சர்க்கரையும் ஈஸ்டும் வெதுவெதுப்பான தண்ணீரும். நுரை பொங்கி மீனுக்குப் போய்விடாமல் தடுக்க, நடுவில் வெறும் தண்ணீரோடு இன்னொரு பாட்டில். மூடிகளில் காய்ச்சிய கம்பியால் துளையிட்டு, டியூபைச் செருகி, சுற்றிலும் பசை வைத்து அடைத்தேன். வாளித் தண்ணீரில் அமுக்கி லீக் டெஸ்ட் செய்து, இரண்டு முறை ரிஜெக்ட் செய்து, மூன்றாவது முறைதான் பாஸ் போட்டேன். டியூபின் கடைசி முனைக்கு, உடைந்த மோடா இருக்கையின் காலிலிருந்து விரற்கடை நீளத்துக்கு ஒரு பிரம்புத் துண்டு. பிரம்புக்குள் நீளவாக்கில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஓடுகின்றன. வாயு அதன் வழியாகப் பொடிப்பொடியாகப் பிரிந்து வரும்.

சாயங்காலம் வாயு வந்தது. பிரம்பின் நுனியிலிருந்து, அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வெண்மையாகக் கிளம்பி மேலே போனது. அவர் ஷூ போடுவதை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். "நல்லா பண்ணியிருக்க" என்றார். எனக்குக் கண் கலங்கியது, காட்டிக்கொள்ளவில்லை.

ஆனால் அந்தப் பொடிக் குமிழிகளில் பாதி மேலே போய் உடைந்துகொண்டிருந்தன. உடைய உடைய எனக்கு வயிறு எரிந்தது. என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"போனா போவட்டும். மேல தொறந்தே இருக்கட்டும். அதுங்களுக்கும் மூச்சு வேணுமில்ல."

"எனக்குத் தெரியும். நீங்க கிளம்புங்க, பஸ் வந்துடும்."

அவர் தெருமுனை தாண்டியதும் ஏர் பம்பை நிறுத்தினேன். வீடு மாறியபோது பெட்டிகளில் சுற்றியதில் மிச்சமிருந்த பிளாஸ்டிக் ஃபிலிமை எடுத்து, தொட்டியின் வாயை நான்கு சுற்றுச் சுற்றி இழுத்து மூடினேன். ஓரங்களை விரலால் தடவிப் பார்த்தேன். துளி இடைவெளி இல்லை. பாஸ் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு படுத்தேன்.

விடிகாலையில் ஏ ஷிப்டுக்கு எழுந்து விளக்கைப் போட்டேன். கப்பிகளெல்லாம் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. இரண்டு செத்து மிதந்தன. ஏஞ்சல் அடியில், செடியோரம் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது.

ஃபிலிமைக் கிழித்தேன். டியூபைப் பிடுங்கினேன். பம்பைப் போட்டேன். பாதித் தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டு, வாளியில் பிடித்து வைத்திருந்த தண்ணீரை மெல்ல ஊற்றினேன். அவருக்கு யாரும் இல்லாத நாளில் துணையாக இருந்தது இந்த ஏஞ்சல்தான்; இதையும் நானே கொன்றுவிட்டேனா? தெருமுனையில் என் கம்பெனி பஸ் இரண்டு முறை ஹார்ன் அடித்துவிட்டுப் போய்விட்டது. பதினோரு வருடத்தில் பஸ்ஸை விட்டது அன்றுதான். தரையில் உட்கார்ந்து செவுளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அசைகிற மாதிரியும் இருந்தது, அசையாத மாதிரியும் இருந்தது.

நைட் ஷிப்ட் முடிந்து அவர் இட்லிப் பொட்டலத்தோடு உள்ளே வந்தார். தரையெல்லாம் தண்ணீர், கிழிந்த ஃபிலிம், யூனிபார்மோடு நான்.

"என்னாச்சு? வேலைக்குப் போவல?"

ஈஸ்ட் கெட்டுப்போயிருந்தது என்று ஒரு பொய் வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

"தப்பு என்னோடதுங்க. நீங்க தொறந்து வைக்கச் சொன்னீங்க. கேஸ் வீணாப் போவுதேன்னு மூடிட்டேன். ரெண்டு செத்துப்போச்சு. இது பொழைக்குமான்னு தெரியல." மூச்சு வாங்கிக்கொண்டு மேலும் சொன்னேன். "வேலையில்லாம இருந்தப்பவும் உங்கள இப்படித்தான் மூச்சு விடாம பண்ணேன். அதுவும் தப்புதான்."

அவர் பையை வைத்துவிட்டு என் பக்கத்தில், ஈரத்திலேயே உட்கார்ந்தார். வெயில் ஜன்னலுக்கு வந்த நேரத்தில் ஏஞ்சல் அந்தப் பாதித் துடுப்பைத் தட்டித் தட்டி மெதுவாக நிமிர்ந்தது. நான் முந்தானை இல்லாத யூனிபார்மில் முகத்தை எதில் துடைப்பது என்று தெரியாமல் கையாலேயே துடைத்தேன்.

அவர் எழுந்துபோய்த் தட்டில் இட்லியைப் பிரித்து எடுத்து வந்தார்.

"தினு" என்றார்.

மீனிடம் சொல்கிறார் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். தட்டு என் பக்கம் நீண்டிருந்தது.