நான் வெட்டிய மூன்றாவது குதிரை

1. மூன்று சைஸ்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பிள்ளையாரின் மூஞ்சூறைப் பாதியாக வெட்டிவிட்டேன்.

தாம்பரம் ஸ்டேஷனுக்கு மேற்கே, மார்க்கெட் போகும் வழியில் இருந்த ஃபிரேம் கடை அது. அறுபதுகளின் ஆரம்பம். அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். முதலாளி வெட்டின காலண்டர் படத்தைத் தூக்கிப் பார்த்துத் தலையாட்டினார்.

"கரீட்டாத்தான் வெட்டிக்கீற. படத்துக்குன்னு ஃபிரேம் கெடையாதுபா, ஃபிரேமுக்குத்தான் படம்."

"மூஞ்சூறு போச்சுங்களே."

"ஓரத்துல கீறத எவன் பாக்கறான்? சாமி நடுவுலதானே கீது."

எங்கள் கடையில் மூன்றே சைஸ். ஃபிரேம்களை முன்கூட்டியே அறுத்து, மூலை அடித்து மாட்டி வைத்திருப்போம். எந்தப் படம் வந்தாலும் அந்த மூன்றில் ஒன்றுக்கு அடங்கியாக வேண்டும். அடங்காததை நான் அடக்குவேன். எத்தனையோ கல்யாண குரூப் போட்டோக்களில் ஓரத்தில் நின்ற சித்தப்பாக்களைக் குடும்பத்தை விட்டே நீக்கியிருக்கிறேன். யாரும் புகார் சொன்னதில்லை. சித்தப்பாக்கள் உட்பட.

சில வருஷங்களில் முதலாளி மகள் வீட்டோடு வேலூர்ப் பக்கம் போய்விட, கடை என் கைக்கு வந்தது. கண்ணாடி அறுக்கும்போது தூள் தெறிக்கும் என்று பெஞ்சைச் சுவரைப் பார்த்துப் போட்டிருந்தார். நானும் அப்படியே விட்டுவிட்டேன். தாம்பரத்தில் பலருக்கு என் முகத்தைவிட முதுகுதான் பழக்கம்.

கடைக்குள்ளேயே பரண். அதில்தான் ஜாகை. பேச்சுத்துணைக்கு, மாலை போடுவதற்காக ஃபிரேமுக்கு வந்திருக்கும் காலமானவர்கள். ஒரு ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டரின் போட்டோவைப் பார்த்து, "சாப்பிட வாங்க சார்" என்றுகூடக் கூப்பிட்டிருக்கிறேன். அவர் வரவில்லை. பொட்டலத்தில் இரண்டே இட்லி இருந்தது அவருக்குத் தெரிந்திருக்கும்.

2. ஜெர்மன்காரர் வரைந்தது

எழுபதுகளில் ஒரு மழைக்காலம். சிட்லபாக்கம் ஏரிப் பக்கமிருந்து கிரேஸ் டீச்சர் ரிக்‌ஷாவில் ஒரு படத்தைக் கொண்டுவந்தார். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்று, தனியாக இருந்தவர். பழைய ஃபிரேமையும் உள்சட்டத்தையும் கரையான் தின்றிருந்தது. படம் வரைந்த துணி மட்டும் பிழைத்திருந்தது.

நான் தொட்ட முதல் ஆயில் பெயின்டிங் அதுதான். ஜெர்மனியில் மிருகங்களை மட்டுமே வரைகிற ஓவியர்கள் ஒரு பரம்பரையாகவே இருந்தார்களாம். வரைந்தவர் அதில் ஒருவர் என்றார் டீச்சர். மழையில் நனைந்த உழவு நிலம். நடுவில் இரண்டு பெரிய குதிரைகள், வலது பக்கம் பார்த்தபடி. குளம்பை மூடிக்கொண்டு மயிர் தொங்கியது. ஈர முதுகிலிருந்து ஆவி கிளம்புவதைக்கூட மனுஷன் விடவில்லை. ஸ்டேஷன் வாசலில் நான் தினம் பார்க்கும் ஜட்கா குதிரையின் விலா எலும்பை ரிக்‌ஷாவில் உட்கார்ந்தபடியே எண்ணலாம். இவை இரண்டும் நம் ஊருக்கு வந்தால் அந்தக் குதிரையையும் வண்டியில் உட்கார வைத்து இழுத்துக்கொண்டு போகும்.

நான்கு நாள் அது என் பெஞ்சின் மேல் சுவரில் இருந்தது. வேலை நேரம் முழுக்க அவைகளோடு பேசினேன். காலமானவர்களைவிடக் காது கொடுத்துக் கேட்டன.

ஐந்தாம் நாள் டேப்பை வைத்தேன். பெரிய சைஸுக்கு நாலு அங்குலம் அதிகம். இடது ஓரத்தில் வெறும் மண்ணும் மூட்டமும்தான், நடுவே கட்டை விரல் அளவு ஒரு கறை. விளக்குப் புகையாக இருக்கும் என்று நினைத்தேன். வெட்டினேன். புதுச் சட்டத்தில் இழுத்து அடித்து, கண்ணாடியும் போட்டேன். ஆயில் படத்துக்குக் கண்ணாடி ஒட்டப் போடக் கூடாது என்பது வேறு தெரியாது.

டீச்சர் வந்தார். படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். இடது ஓரத்தை விரலால் தடவினார். பிறகு கேட்டார்.

"ஓரத்துல ஒண்ணு நிக்குமே தம்பி, அது எங்க?"

"எது டீச்சர்?"

"மூணாவது குதிரை. தூரத்துல, அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு."

கறை நினைவுக்கு வந்தது. வழக்கமாக எனக்கு ஒரு ஜோக் வரும். அன்று வரவில்லை.

டீச்சர் திட்டவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, பாடம் நடத்துகிற குரலில் சொன்னார். படம் எல்சா சிஸ்டருடையது. இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த ஜெர்மன்காரம்மா. வரைந்தவர் அவருடைய தாத்தா. எல்சாவும் டீச்சரும் பதினெட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறார்கள். நடுவில் நிற்கிற இரண்டும் ஜெர்மனியில் இருக்கிற தன் அக்காக்கள், தூரத்தில் தனியாக நிற்பது தான் என்று எல்சா சொல்லிச் சிரிப்பாராம்.

"போன வருஷம் ஊருக்கே போயிட்டாங்க, அக்காங்ககிட்ட. போறப்ப இதைக் குடுத்துட்டு, இனிமே அது நீதான் கிரேஸ்னாங்க." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "தினம் காலைல காபி குடிக்கறப்ப அதைத்தான் பாப்பேன். மத்த ரெண்டையும் இல்ல."

3. அஸ்தினாபுரத்தில் ஒரு குதிரை

அந்தத் துண்டை நான் எறியவில்லை. எங்கள் தொழிலில் எதையும் எறிவதில்லை. போட்டோவுக்கும் பின்பலகைக்கும் நடுவே இடைவெளி இருந்தால் ஆடாமலிருக்கத் துணியோ அட்டையோ வைத்து அடைப்போம். முந்தின நாள்தான் அதை அஸ்தினாபுரத்துப் பெரியவர் ஒருவரின் போட்டோவுக்குப் பின்னால் வைத்து, பலகை அடித்து, கொடுத்தனுப்பியிருந்தேன். அவருக்கு அன்று பதின்மூன்றாம் நாள் காரியம்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். கூடத்தில் சொந்தக்காரர்கள் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் ரோஜா மாலையோடு பெரியவர். அவருடைய மகன் பேங்க் உத்தியோகம். அவரைத் தனியாகக் கூப்பிட்டு, போட்டோவைக் கொஞ்சம் பிரிக்க வேண்டும் என்றேன்.

"எதுக்கு?"

"உள்ள ஒரு குதிரை இருக்கு சார்."

அவர் என்னை முகர்ந்து பார்த்தார். நான் குடித்திருக்கவில்லை என்பது அவருக்கு இன்னும் குழப்பத்தைக் கொடுத்தது. குரல் உயர்ந்தது. சொந்தக்காரர்கள் திரும்பினார்கள். இறந்தவரை இன்றைக்கா கீழே இறக்குவது என்று ஒருவர் எழுந்தே வந்துவிட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், டீச்சர் காபி குடிப்பது வரைக்கும்.

மூலையில் உட்கார்ந்திருந்த பெரியவரின் மனைவி அதுவரை யாரோடும் பேசாதவர். மெதுவாகச் சொன்னார்: "எடுத்துக் குடுடா. உங்கப்பா ஆயுசு பூரா ரேஸ் குதிரை பின்னாடியே போனார். இப்பவாவது அது அவர் பின்னாடி வந்துதே."

கூடத்தில் ஒருவர் சிரிப்பை அடக்கினார். அந்தம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழ ஆரம்பித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு ஆணிகளைப் பிடுங்கினேன். துணி மடியாமல் கசங்காமல் இருந்தது. ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். கறை இல்லை. சின்னக் குதிரை, மழையில், இடது பக்கம் பார்த்துக்கொண்டு. பெரியவருக்கு வேறு அட்டை வைத்து, மாலை கலையாமல் மாட்டிவிட்டு வந்தேன்.

4. ஆணி அடித்த இடம்

ஒட்டித் தருகிறேன் என்றேன். டீச்சர் ஒப்புக்கொள்ளவில்லை.

"ஒட்டினா தழும்பு தெரியும். தனியாவே ஃபிரேம் போடு தம்பி. அது தனியா நின்னு பழகினதுதான்."

நாலு அங்குல அகலத்துக்கு என்னிடம் சைஸ் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகப் படத்தை அளந்து ஃபிரேம் அறுத்தேன். ஒரு நாள் முழுக்க ஆயிற்று. பெரிய படத்தின் கண்ணாடியைக் கழற்றிவிட்டேன், சின்னதுக்குப் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் வரச் சொல்லியிருந்தார். பெரிய படத்தைப் பழைய ஆணியிலேயே மாட்டினேன். சின்னதை அதன் இடது பக்கத்தில் மாட்டத்தானே வேண்டும்? இடது பக்கம் ஜன்னல். இடமே இல்லை.

"வலது பக்கம் அடிச்சுடு, பரவாயில்ல," என்றார் டீச்சர்.

அடித்தேன். மாட்டினேன். ஸ்டூலிலிருந்து இறங்கி வந்து பார்த்தேன்.

நடுவிலிருந்த இரண்டும் வலது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. சின்னது எப்போதும்போல் இடது பக்கம். இத்தனை வருஷமும் அவைகளுக்கு முதுகைக் காட்டி நின்றது, இப்போது அவைகளுக்கு நேர் எதிரே நின்று அவைகளையே பார்த்தது.

டீச்சர் காபி டம்ளரோடு நின்றார். ஆறும்வரை குடிக்கவில்லை.

"பாக்குது," என்றார்.

ஃபிரேம் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு என்னால் சொல்ல முடிந்தது ஒன்றுதான். டேப்பை எடுக்கும் முன் ஓரத்தைப் பாருங்கள். யாராவது நின்றுகொண்டிருப்பார்கள்.

எனக்கு நானே கற்றுக்கொண்டதும் ஒன்று உண்டு. மறுநாள் காலை கடையைத் திறந்ததும் பெஞ்சை இழுத்துத் தெருவைப் பார்க்கத் திருப்பிப் போட்டேன். பத்து வருஷமாக எதிரே டீக்கடை வைத்திருந்தவர் என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"கடைக்குப் புதுசா வந்துகிறியாபா?"

ஆமாம் என்றேன்.